ஸாப்ரூடர் பிலிமில் கை வைத்தார்களா? கேள்வி பதில்

அமெரிக்க அதிபர் கென்னடி கொலையைப் பதிவு செய்த ஸாப்ரூடர் பிலிமைப் பிறகு யாரோ மாற்றிவிட்டார்களா என்று நிறைய பேர் கேட்டிருக்கிறீர்கள். பிலிம் லேபில் வெகுநாள் இருந்தவன் என்பதால் வேதியியல் பக்கம் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சார், ஒன்றும் தெரியாமல்தான் கேட்கிறேன். ஸாப்ரூடர் யார்?

டல்லஸில் பெண்கள் ஆடைகள் தயாரித்து விற்றவர். 1963 நவம்பர் 22 அன்று அந்த ஊரின் டீலி பிளாசா சதுக்கத்தில் ஒரு கான்கிரீட் மேடைமேல் ஏறி, பெல் அண்ட் ஹோவெல் 8 மி.மீ. கேமராவில் கென்னடியின் கார் ஊர்வலத்தைப் படம் பிடித்தார். உயரத்தில் நின்றால் அவருக்குத் தலை சுற்றும். அதனால் அவர் அலுவலகத்துப் பெண் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். மொத்தம் 486 ஃபிரேம், 26 விநாடி சொச்சம். 313ஆவது ஃபிரேமில் கென்னடியின் தலையில் குண்டு படுகிறது.

சில ஃபிரேம்கள் காணோம் என்கிறார்களே அண்ணா, அது வெறும் வதந்தியா?

வதந்தி இல்லை. அசலில் 208 முதல் 211 வரை இல்லை. பிலிமை விலைக்கு வாங்கிய லைஃப் பத்திரிகையின் லேபில் சேதமாகி, வெட்டி ஒட்டிவிட்டார்கள். 155, 156 பக்கத்திலும் ஓர் ஒட்டு உண்டு. ஆனால் சம்பவ நாளன்றே எடுத்த காப்பிகளில் அவை முழுசாக இருக்கின்றன.

இதைவிடக் கூத்து, கொலையை விசாரித்த வாரன் கமிஷன் வெளியிட்ட தொகுதியில் 314, 315 இரண்டும் இடம் மாறி அச்சானது. பின்னால் போகிற தலை முன்னால் போவதுபோல் தெரிந்தது. அச்சுப் பிழை என்று 1965இல் எஃப்.பி.ஐ. இயக்குநர் ஹூவர் சொன்னார். 1975 மார்ச் வரை அமெரிக்க தேசியத் தொலைக்காட்சியில் இந்தப் படம் ஓடவே இல்லை. இத்தனையும் பார்த்தவன் சந்தேகப்படாவிட்டால்தான் அதிசயம்.

அப்படியென்றால் மாற்றியிருக்கலாம் என்று ஒப்புக்கொள்கிறீர்களா?

இல்லை. கையாண்ட விதம் மோசம், அவ்வளவுதான். பிலிமே வேறு கதை சொல்கிறது.

அது கோடாக்குரோம் ரிவர்சல் பிலிம். நெகட்டிவ் கிடையாது. கேமராவுக்குள் ஓடிய அதே சுருள்தான் கழுவியதும் பாசிட்டிவாக வரும். அதில் ஒரு காரை நகர்த்தவோ ஒரு காயத்தை மறைக்கவோ வேண்டுமானால், பெரிதாக்கி, ஆப்டிக்கல் பிரிண்டரில் (ஒரு பிலிமிலிருந்து இன்னொன்றுக்குப் படத்தை ஏற்றும் இயந்திரம்) ஒட்டுவேலை செய்து, மறுபடி 8 மி.மீ. கோடாக்குரோமுக்கே சுருக்கிக் கொண்டுவர வேண்டும். காப்பிக்குக் காப்பி கிரெய்ன், அதாவது பொடிப் புள்ளிகள், ஏறும், நிழல் கறுத்துப்போகும், நிறம் திரிந்துவிடும். லேபில் ஆறு மாதம் இருந்த பையன்கூடக் கண்டுபிடிப்பான்.

இன்னொன்று, அந்தக் கேமராவில் படம் ஃபிரேமோடு நிற்காது. ஓரத்துப் பல் துளைகளுக்கு நடுவேயும் கசிந்து விழும். அசலில் அந்தக் கசிவு இருக்கிறது, அன்று எடுத்த மூன்று காப்பிகளில் இல்லை. கோடாக்கிலிருந்து ஓய்வு பெற்ற ரோலண்ட் ஸவாடா 1998இல் இதையெல்லாம் ஆராய்ந்து, அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் இருப்பது கேமராவில் ஓடிய அசல்தான் என்றார்.

நேரத்தையும் பாருங்கள். அன்றைக்கே இரண்டு காப்பிகள் அதிபரைக் காக்கும் ரகசியப் பாதுகாப்புப் பிரிவிடம் போய்விட்டன. நவம்பர் 29 தேதியிட்ட லைஃப் இதழில் படங்களும் வந்துவிட்டன. யார், எப்போது, எத்தனை சுருளை மாற்றுவது?

கார் நின்றே போனது என்று நேரில் பார்த்தவர்கள் பலர் சொன்னார்களே? படத்தில் நிற்கவில்லையே?

நல்ல கேள்வி. கார் வேகம் குறைந்தது உண்மை. இயற்பியலாளர் லூயி ஆல்வாரெஸ் ஃபிரேம்களை அளந்து, மணிக்கு ஏறக்குறைய 19 கிலோமீட்டரிலிருந்து 13க்கு இறங்கியதாகக் கணக்கிட்டார். பயத்தில் பார்த்த கண்ணுக்கு அது நின்றதுபோல் இருந்திருக்கும். ஆர்வில் நிக்ஸ், மேரி மச்மோர் என்று இன்னும் இருவர் வேறு இடங்களிலிருந்து எடுத்த படங்களிலும் கார் நிற்கவில்லை. நிக்ஸ் எடுத்ததில் மேடைமேல் நிற்கும் ஸாப்ரூடரே தெரிகிறார். ஒன்றை மாற்றினால் மூன்றையும் ஒத்துப்போகும்படி மாற்ற வேண்டும். அங்கே நின்ற மேரி மூர்மன் எடுத்த போலராய்டு உடனடிப் படம் வேறு, எடுத்த கொஞ்ச நேரத்திலேயே வெளியே வந்துவிட்டது.

சி.ஐ.ஏ. லேபுக்கு இரண்டு தடவை போனது என்கிறார்களே?

பிலிமை மாற்றினார்கள் என்று வாதிடுபவர்களின் கையில் இருக்கும் கனமான ஆயுதம் இதுதான். வாஷிங்டனில் இருந்த சி.ஐ.ஏ.யின் படப் பகுப்பாய்வு மையத்தில், அந்த வார இறுதியில் இரண்டு குழுக்கள், ஒன்றுக்கொன்று தெரியாமல் பிலிமின் ஃபிரேம்களைப் பெரிதாக்கி ஒட்டிய விளக்கப் பலகைகள் தயாரித்ததாக அங்கே வேலை பார்த்தவர்களின் நினைவுகளை வைத்துச் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பேட்டிகள் முப்பது, நாற்பது வருடம் கழித்து எடுத்தவை. லேபுக்குப் போனதற்கு அது சாட்சி. மாற்றியதற்குச் சாட்சி ஆகாது.

சரி, பிலிம் அசல் என்றால், கொலையாளி என்று கைதான ஆஸ்வால்ட் மட்டும்தான் சுட்டான் என்கிறீர்களா?

அது தனிக் கேள்வி தம்பி. 1979இல் கொலையை மறுபடி விசாரித்த அமெரிக்க கீழவைக் குழு இந்தப் பிலிமை அசலாகவே ஏற்றுக்கொண்டது. அதே குழுதான் சதி இருந்திருக்கலாம் என்றும் சொன்னது.

அசலை நாம் பார்க்க முடியுமா?

முடியாது. குடும்பத்துக்கு 1 கோடியே 60 லட்சம் டாலர் கொடுத்து அரசே எடுத்துக்கொண்டது. இப்போது தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. யூடியூபில் நீங்கள் பார்ப்பது பலமுறை பெருக்கி, நடுக்கம் நீக்கி, கூர்மை ஏற்றியது. அதில் தலைக்குப் பின்னால் தெரியும் கறுப்புத் திட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்பாதீர்கள், இந்த வாரம் மட்டும் பதினொன்று வந்துவிட்டது.