மடக்கின் கீழே ஏன் எல்ஸ்?

கேள்வி: பைத்தான் நிரல்மொழியில், பட்டியலின் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒரே வேலையைத் திரும்பச் செய்யும் ஃபார் (for) மடக்கின் கீழே எல்ஸ் (else) எழுதலாம் என்று பாடத்தில் வருகிறது. பட்டியல் காலியாக இருந்தால் மட்டுமே அது இயங்கும் என எண்ணினேன். ஆனால் பட்டியலில் பெயர்கள் இருந்தபோதும் இயங்குகிறது. 'இல்லாவிட்டால்' என்பதுதானே அச்சொல்லின் பொருள்?

பதில்: உங்கள் ஆங்கிலத்தில் குறையேதும் இல்லை. பிரேக் கட்டளையால் இடையில் முறியாமல் மடக்கு இறுதிவரை ஓடி முடிந்தால், பட்டியல் காலியாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், எல்ஸ் பகுதி இயங்கும். ஒரு பெயரைத் தேடுகிறீர்கள் என்று கொள்வோம்: கிடைத்தவுடன் பிரேக் கொடுத்து வெளியேறுகிறீர்கள்; கடைசிவரை கிடைக்காதபோது 'பெயர் இல்லை' என்று அச்சிடும் வரி எல்ஸில் அமர்கிறது. நிபந்தனை மெய்யாக இருக்கும்வரை ஓடும் ஒயில் (while) மடக்கை நோக்கினால் இதன் தர்க்கம் விளங்கும். அங்கே ஒவ்வொரு சுற்றிலும் நிபந்தனை சோதிக்கப்படுகிறது. அது பொய்யாகும் கணத்தில், இஃப் (if) கூற்றில் நடப்பது போலவே, எல்ஸ் பகுதிக்குக் கட்டுப்பாடு செல்கிறது. ஃபார் மடக்கில் அந்த நிபந்தனை கண்ணுக்குத் தெரியாததால்தான் குழப்பம். மொழியை உருவாக்கிய கைடோ வான் ராசமே, மீண்டும் தொடங்க நேர்ந்தால் இவ்வசதியைச் சேர்க்கமாட்டேன் என்று கூறியிருக்கிறார்.

பொருத்தமான புதுச் சொல்லை வைத்திருக்கலாமே என்று தோன்றும். ஆனால் ஒரு சொல்லை மொழிக்கென ஒதுக்கிவிட்டால், அதையே மாறியின் (மதிப்பைச் சேமிக்கும் இடத்தின்) பெயராகக் கொண்ட பழைய நிரல்கள் யாவும் பிழை காட்டும். 2018இல் வெளியான பைத்தான் 3.7, 'அசிங்க்' (async) என்பதை மொழிக்கென ஒதுக்கியபோது, அப்பெயரைப் பயன்படுத்திய நிரல்களுக்கு இக்கதிதான் நேர்ந்தது. எனவே பழைய சொல்லின் தலையிலேயே புதுப் பொருளை ஏற்றுகிறார்கள். சி மொழியின் ஸ்டாட்டிக் (static) என்ற சொல், செயற்கூறுக்குள் (பெயர் சொல்லி அழைக்கும் நிரல் பகுதிக்குள்) எழுதினால் மாறியின் மதிப்பை அடுத்த அழைப்புவரை காக்கிறது. வெளியே எழுதினால் அப்பெயரைப் பிற கோப்புகளிடமிருந்து மறைக்கிறது. இவ்விரண்டுக்கும் ஒரே சொல் என்பது, என் பார்வையில், எல்ஸைவிடப் பெரிய அநியாயம். 'மாறாதது' என்று பொருள் தோன்றும் ஜாவாஸ்கிரிப்டின் கான்ஸ்ட்டும் (const) அப்படியே குழப்புவது: அவ்வாறு அறிவித்த அணிக்குள் (மதிப்புகளின் பட்டியலுக்குள்) புது உறுப்பைச் சேர்க்க முடியும், அப்பெயருக்கு வேறோர் அணியைச் சூட்டத்தான் முடியாது.

உங்கள் நிரலில், தேடலைத் தனிச் செயற்கூறாக்கி, பெயர் கிடைத்ததும் ரிட்டர்ன் (return) கொடுத்து அதிலிருந்து வெளியேறிவிடுங்கள். 'பெயர் இல்லை' என்ற வரியை மடக்கிற்குப் பின் சாதாரணமாகவே எழுதலாம், எல்ஸ் தேவைப்படாது.