கையுறை மறுத்தல்

அன்புள்ள அக்கா,

என் மகளுக்கு 17 வயது. தேர்வு முடிந்த கையோடு 'பெர்சோனா 5' என்ற ஜப்பானிய விளையாட்டில் மூழ்கிவிட்டாள். போன வாரம் மைலோ கொடுக்கப் போனேன். திரையில் ஒரு பள்ளி மாணவி, உடம்போடு ஒட்டிய சிவப்பு உடையில். கேமரா அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. "இது கதைம்மா, காதல்கூட இருக்கு, யாரோட பழகுறதுன்னு நாமே முடிவு பண்ணலாம்" என்கிறாள் மகள். இதில் காதல் எங்கே இருக்கிறது? நிறுத்தச் சொல்வதா, கண்டுகொள்ளாமல் விடுவதா? நீங்கள் வீடியோ கேம் விளையாடுகிறவர் என்று முன்பு எழுதியிருந்தீர்கள். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

ஒரு வாசகி, ஈசூன், சிங்கப்பூர்


அன்புள்ள தங்கைக்கு,

நிறுத்தச் சொல்லாதீர்கள். ஆனால் உங்களுக்கு வந்த கோபம் நியாயமானது, அதை அடக்கிக்கொள்ளவும் வேண்டாம்.

நீங்கள் பார்த்த பெண்ணின் பெயர் ஆன். விளையாட்டின் முதல் பகுதியே அவளுடைய துன்பம்தான். பள்ளியின் வாலிபால் பயிற்சியாளர் அவளை மிரட்டுகிறார்: என் இஷ்டப்படி நடக்காவிட்டால் உன் தோழிக்கு அணியில் இடமில்லை. அந்தத் தோழி ஒருநாள் பள்ளி மாடியிலிருந்து குதித்துவிடுகிறாள். உயிர் பிழைக்கிறாள். அந்த ஆசிரியருக்கு எதிராக ஆன் பொங்கி எழும் காட்சி முடிந்ததும் நான் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த பகுதியிலேயே ஓவியம் பயிலும் ஒரு பையன் அவளை ஆடையின்றி மாடலாக இருக்கக் கேட்கிறான். காரியம் ஆகவேண்டும் என்று அவளுடைய நண்பர்களே அவளைத் தள்ளிவிடுகிறார்கள். சட்டைமேல் சட்டை போட்டுக்கொண்டு அவள் போய் நிற்பதை நகைச்சுவையாக்கியிருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எதற்காக அவள் அழுதாளோ அதையே வேடிக்கையாக்குகிறார்களே என்று மனம் கசந்தது.

கதைக்குத் தேவையில்லாமல் பார்ப்பவர் கண்ணுக்காக வைக்கும் இதைத்தான் 'ஃபேன் சர்வீஸ்' என்கிறார்கள். நம் சினிமாவில் குத்துப்பாட்டு வந்ததும் கேமரா இடுப்புக்கு இறங்குமே, அதேதான். உடை எத்தனை அங்குலம் என்று நான் அளப்பதில்லை. அந்தப் பெண்ணுக்கு அதில் சம்மதமா என்று பார்ப்பேன்.

சரி, காதலுக்கு வருகிறேன். நாமே ஒரு பாத்திரமாகி ஆடும் பல ரோல்பிளேயிங் விளையாட்டுகளில் காதல் ஒரு கணக்கு. பரிசு கொடு, மனம் குளிரப் பேசு, மதிப்பெண் ஏறும். 2009இல் வந்த 'டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்' விளையாட்டில் நானே பரிசுகளைப் பையில் சேர்த்துவைத்து, கோபமாக இருந்தவர்களிடம் ஒவ்வொன்றாக நீட்டியிருக்கிறேன். கோபம் எதற்கு என்று கேட்காமலே சமாதானமாகிவிடலாம். 2007இல் வந்த முதல் 'விட்சர்' இன்னும் மோசம். ஒரு பெண்ணோடு படுத்தால் அவள் படம் போட்ட அட்டை ஒன்று கிடைக்கும். சேர்த்துக்கொண்டே போகலாம்.

நம் அகப்பாடல்களில் தலைவன் கொண்டுவரும் பரிசுக்குக் கையுறை என்று பெயர். அதைத் தோழி வாங்க மறுப்பது தனித் துறையாகவே இருக்கிறது. குறுந்தொகையின் முதல் பாட்டே அதுதான். அவன் செங்காந்தள் கொண்டுவந்தான் என்பார்கள் உரைகாரர்கள். முருகனின் இந்தக் குன்றம் முழுக்கக் குருதி நிறத்துக் காந்தள்தான் என்கிறாள் தோழி, அவ்வளவுதான். வேண்டாம் என்ற சொல்கூட அதில் இல்லை. படிக்கும்போதெல்லாம் பூவும் கையுமாக நிற்கும் அவன் முகம் எனக்குத் தெரியும். மறுக்க ஓர் ஆள் இருந்ததால்தான் அவன் தவித்தான், பாட்டும் பிறந்தது.

நான் விரும்பும் விளையாட்டுகளில் இந்த மறுப்பு உண்டு. 'சைபர்பங்க் 2077'இல் நான் பெண் பாத்திரமாக விளையாடினேன். புழுதிப்புயலுக்கு ஒதுங்கிய ஒரு பாழடைந்த வீட்டில், பனாம் என்ற தோழியை நெருங்கப் பார்த்தேன். நட்பு கெடாமல் விலகிவிட்டாள். அவள் மனம் ஆண்கள் பக்கம். எதைக் கொடுத்தாலும் மாறாது. ஜூடி என்று இன்னொருத்தி, அவள் மனமோ பெண்கள் பக்கம்தான். அட்டை சேர்க்கவைத்த அதே நிறுவனத்தின் 'விட்சர் 3'இல், திரிஸ், யெனிஃபர் இருவரிடமும் காதல் சொல்லிப் பாருங்கள். இருவருமாகக் கூடிப்பேசி நாயகனைக் கட்டிலோடு பிணைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள்.

2007 நவம்பரில் 'மாஸ் எஃபெக்ட்' விளையாட்டை இங்கே சிங்கப்பூரில் தடை செய்தது நினைவிருக்கிறதா? ஒரு பெண்ணும் வேற்றுக்கிரகப் பெண் ஒருத்தியும் நெருங்கும் ஒரே ஒரு காட்சிதான் காரணம். சில நாளில் தடையை நீக்கி, 18 வயது ஆனவர்களுக்கு மட்டும் என்ற எம்18 முத்திரையோடு விட்டார்கள். அந்தக் காட்சியில் இருவருக்கும் சம்மதம், பல மணி நேரப் பேச்சுக்குப் பிறகே அங்கே வருகிறார்கள். முத்திரை வேண்டும்தான். ஆனால் திரையில் எவ்வளவு தெரியும் என்பதைத்தான் அது சொல்லும். ஆன் என்ற அந்தப் பெண்ணை அவள் நண்பர்களே தள்ளிவிட்டதை எந்த முத்திரையும் சொல்லாது.

அதனால் மகள் பக்கத்தில் போய் உட்காருங்கள். ஆன் பற்றி என்ன நினைக்கிறாள் என்று கேளுங்கள். அப்புறம் இதையும் கேளுங்கள்: மாணவிகளை வேட்டையாடிய ஆசிரியரை வில்லனாக்கிய இதே விளையாட்டு, நாயகனான மாணவன் தன் வகுப்பாசிரியையைக் காதலிக்கவும் வழி வைத்திருக்கிறதே, அது எப்படி? (இன்னும் அந்த இடத்துக்கு அவள் வரவில்லையென்றால் கொஞ்சம் பொறுத்திருங்கள், கதையை உடைத்துவிடாதீர்கள்.)

நான் என் அண்ணன் மகளிடம் கேட்டேன். "அது எனக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு அத்தை. நட்பா மட்டும் இருப்போம்னு அழுத்திட்டேன்" என்றாள். ஏன் ஒரு மாதிரியாக இருந்தது என்று கேட்டேன். அன்று கடைசி எம்ஆர்டி ரயிலைப் பிடித்துத்தான் வீட்டுக்கு வந்தேன்.

அன்புடன்,
அக்கா