கதவைச் சாத்திக்கொண்டு அப்படி என்ன கேட்டார்கள்?

அன்புள்ள மேடத்துக்கு,

குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். எழுதுகிறேன் என்றால், மாடியில் உட்கார்ந்து போனில் பேசுகிறேன், அதுவே எழுதிக்கொள்கிறது. ஒன்றாம் வகுப்பு படிக்கிற பேரன் சொல்லிக்கொடுத்தான். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 53 வயது. வீட்டுக்காரர் கைலி வியாபாரம். ஒரே பையன். மருமகள் வந்து எட்டு வருஷம் ஆகிறது. ஷூ கம்பெனியில் வேலை. காலை ஆறே முக்காலுக்குத் தெருமுனையில் கம்பெனி பஸ் வந்துவிடும், அவள் ஏறிப் போனால் ராத்திரி ஏழுக்குத்தான் வருவாள். நான் நாலு மணிக்கு எழுந்து தண்ணீர் பிடித்து, இட்லி ஊற்றி, மூன்று டப்பா கட்டி, பேரனைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடத்தில் விட்டு வர வேண்டும். சம்பளம் அவள் அக்கவுண்ட்டில் போகிறது. எவ்வளவு என்று இன்று வரை எனக்குத் தெரியாது. நானும் கேட்டதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆடி பிறந்த முதல் ஞாயிறு, ஏதோ சர்வே என்று இரண்டு பெண்கள் கையில் டேப்லெட்டோடு வந்தார்கள். குடும்பம், ஆரோக்கியம், பெண்கள் நிலை இதெல்லாம் ஆராய்ச்சி பண்ணுகிறார்களாம். வீட்டில் எத்தனை பேர், கேஸ் இருக்கிறதா, கக்கூஸ் இருக்கிறதா என்று என்னிடம்தான் முதலில் கேட்டார்கள். எனக்குப் பிரஷர் பார்த்தார்கள். அதிகமாக இருக்கிறது, டாக்டரிடம் காட்டுங்கள் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். சரி, இனி மற்ற கேள்வியெல்லாம் கேட்பார்கள் என்று நானும் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்தால், "உங்களுக்கு வயசு தாண்டிடுச்சும்மா, நாப்பத்தொம்போது வரைக்கும்தான்" என்று சொல்லிவிட்டு மருமகளை உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

என் வீட்டில், நான் பீடி சுற்றிச் சுற்றிக் கட்டிய வீட்டில், என்னை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்துகிறார்கள். ஒரு மணி நேரம் இருக்கும். வந்தவர்களுக்கு மரியாதை செய்ய வேண்டாமா, டீ போட்டுக் கொண்டுபோய்க் கதவைத் தட்டினேன். உள்ளே பேச்சு நின்றுவிட்டது. நான் நுழைந்ததும் அந்தப் பெண் டேப்லெட்டைப் பார்த்துக்கொண்டே "குடிக்கிற தண்ணிய காய்ச்சுவீங்களா?" என்று கேட்கிறாள். நான் வெளியே வந்ததும் மறுபடியும் குசுகுசு. எனக்குத் தெரியாதா மேடம்? தண்ணீர் காய்ச்சுவதைச் சொல்வதற்கா கதவைச் சாத்துவார்கள்?

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. என்னைப் பற்றி என்னென்ன சொல்லி வைத்தாளோ. பையனிடம் கேட்டால் "அதெல்லாம் உனக்கு எதுக்கும்மா" என்கிறான். சர்க்கரை மாத்திரை வாங்கி வா என்றால் மறக்கிறவனுக்குப் பெண்டாட்டி பேச்சு மட்டும் மறப்பதில்லை.

அவளுக்கு எப்போதுமே நோட்டம்தான். விடியற்காலை நாலு மணிக்குப் பின்பக்கம் குழாயடியில் துணி அலசுகிறேன், பூனை மாதிரி வந்து நின்று "இன்னா அத்தை இது, யாருது?" என்கிறாள். எனக்கு நின்று நாலு வருஷம் ஆகிறது. சித்திரையிலிருந்து மறுபடி அப்பப்போ கொஞ்சம் படுகிறது. எங்கள் ஊர் வெயிலுக்கு உடம்புச் சூடு, என் அம்மாவுக்கும் இப்படித்தான் இருந்தது, அது வேறு விஷயம். நான் கேட்பது, மாமியார் துணி அலசுவதை ஒளிந்து நின்று பார்க்கிற மருமகள் எந்த வீட்டில் இருக்கிறாள்? "உன் வேலையப் பாத்துக்குனு போ" என்று சொன்னேன். அதற்கு இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். வைகாசி ஒன்றாம் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. கல்யாணம் ஆகி வந்ததிலிருந்து நான் தவறவிட்டதில்லை, இந்த வருஷம் போகவில்லை. அதற்கும் பக்கத்து வீட்டில் போய் "அத்தைக்கு உடம்பு சரியில்ல" என்று சொல்லி வைத்திருக்கிறாள். அவளை யார் கேட்டது?

என் மாமியார் எதிரில் நான் உட்கார்ந்ததுகூட இல்லை. உட்கார என் அம்மா விட்டதில்லை. பாவம், 55 வயதில் போய்ச் சேர்ந்தாள். அவள் இருந்திருந்தால் இந்தக் கூத்தைப் பார்த்துச் சிரித்திருப்பாள்.

கதவுக்குப் பின்னால் என்ன சொன்னாய் என்று அவளிடம் எப்படிக் கேட்பது? கேட்க எனக்கு உரிமை இல்லையா?

இப்படிக்கு,
பெயர் போட வேண்டாம், குடியாத்தம்

•

அன்புள்ள அம்மா,

கதவைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் குழாயடிக்கு வாருங்கள்.

மாதவிலக்கு நின்று ஒரு வருஷம் கடந்த பிறகு ஒரு சொட்டு பட்டாலும் அது டாக்டரிடம் காட்ட வேண்டிய விஷயம். உங்களுக்கு நாலு வருஷம் கழித்து வந்திருக்கிறது. சித்திரையில் தொடங்கி ஆடியும் வந்துவிட்டது. நான் மனநல ஆலோசகர், வைத்தியம் பார்ப்பவள் இல்லை. ஆனாலும் இது சூடு இல்லை என்று சொல்ல எனக்கு அந்தப் படிப்பு தேவையில்லை. வேலூர் ஜில்லா வெயில் வியர்க்குரு கொடுக்கும், தலை சுற்ற வைக்கும். நின்றுபோனதைத் திரும்ப வரவைக்காது.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. இப்படி வருகிறவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குத்தான் கர்ப்பப்பைப் புற்றுநோய் என்று தெரிய வருகிறது. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் உட்சுவர் மெலிந்து போனது, சின்னதாகச் சதை வளர்ந்தது என்று சுலபமாகச் சரிசெய்யக்கூடிய காரணம்தான். ஆனால் அந்தப் பத்தில் ஒருவர் யார் என்பது குழாயடியில் தெரியாது. உங்களுக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது, போகிற போக்கில் மாத்திரை என்று சொன்னீர்கள். சர்க்கரை இருப்பவர்களுக்கு இந்த ஆபத்து கொஞ்சம் கூடுதல். நல்ல செய்தியும் உண்டு. இந்த நோய் பெரும்பாலும் இப்படி ரத்தம் காட்டி ஆரம்பத்திலேயே தன்னைச் சொல்லிவிடும். அப்போதே பார்த்தால் ஆபரேஷனோடு தீர்ந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

கடிதத்தின் நடுவில் "என் அம்மாவுக்கும் இப்படித்தான் இருந்தது" என்கிறீர்கள். கடைசியில் "55 வயதில் போய்ச் சேர்ந்தாள்" என்கிறீர்கள். இரண்டுக்கும் நடுவில் சிரசு, பக்கத்து வீடு, மாமியார் எல்லாம் வந்து நிற்கிறார்கள். இந்த இரண்டு வரியையும் நீங்கள் வேண்டுமென்றேதான் தள்ளித் தள்ளி வைத்தீர்கள் என்று நினைக்கிறேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தாங்காது. உங்கள் அம்மாவுக்கு என்ன வந்தது என்று எனக்குத் தெரியாது, ஒருவேளை உங்களுக்கே சரியாகத் தெரியாமல் இருக்கலாம். அவர் யாரிடமாவது சொன்னாரா? நாலு மணிக்கு எழுந்து தானே அலசிக்கொண்டாரா? ஆடி ஞாயிறுதான் உங்கள் தூக்கத்தைக் கெடுத்தது என்று நீங்கள் சொன்னாலும், சித்திரையிலேயே அது போயிருக்கும் என்பது என் சந்தேகம்.

இனி சர்வே. அந்தப் பெண்கள் உள்ளே என்ன கேட்டிருப்பார்கள் என்று ஓரளவு என்னால் சொல்ல முடியும். 1992-93-லிருந்து நடக்கிற தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் பெண்களிடம் கேட்கிற கேள்விகள் எல்லாருக்கும் திறந்தவைதான். உங்களைத் தேடி வந்ததும் அந்த மாதிரி ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். அதில் சிலவற்றை இப்போது உங்களிடம் கேட்கிறேன். டேப்லெட் இல்லை, கதவு இல்லை, வயசும் தாண்டவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் உடம்புக்கு வைத்தியம் பார்ப்பதை யார் முடிவு செய்கிறார்? நீங்களா, வீட்டுக்காரரா, இருவரும் சேர்ந்தா, வேறு யாராவதா?

ஆஸ்பத்திரிக்கு நீங்கள் தனியாகப் போக முடியுமா, யாராவது கூட வந்தால்தான் போக முடியுமா, போகவே முடியாதா?

நீங்களே முடிவு செய்து செலவழிக்கிற மாதிரி உங்களிடம் பணம் இருக்கிறதா?

இந்த மூன்றுக்கும் உங்கள் பதிலை நீங்களே போனில் ஒரு தரம் சொல்லிப் பாருங்கள், அது எழுதிக்கொள்ளட்டும். மருமகள் சம்பளம் எவ்வளவு என்று தெரியவில்லை என்ற வருத்தத்தை அப்புறம் ஒரு முறை எடுத்துப் பாருங்கள். பீடி முறத்தை மடியில் வைத்துக்கொண்டு வீடு கட்டினவர் நீங்கள். அந்தக் காசு உங்கள் பெயரில் எங்காவது இருந்ததா?

49 வயதோடு நிறுத்திக்கொள்வதில் எனக்கும் கோபம் உண்டு. பிள்ளைப்பேறு, குடும்பக் கட்டுப்பாடு இவற்றை அளக்கத் தொடங்கிய கணக்கெடுப்பு என்பதால் 15 முதல் 49 என்று வைத்தார்கள். ஆண்களுக்கு மட்டும் 54 வரை. காரணம் புரிகிறது. ஆனால் வாசலில் முந்தானையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்த பெண்ணுக்கு அது எப்படிக் கேட்கும்? கர்ப்பப்பை வேலை முடிந்தால் கேள்வியும் முடிந்தது என்றுதான் கேட்கும். 45 வயதுக்கு மேற்பட்டவர்களுக்காகவே தனி ஆய்வு ஒன்று 2017-18-ல் தொடங்கி, நாடு முழுக்க 72,000-க்கும் மேற்பட்டவர்களைப் பார்த்தது. உங்களைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாமல் இல்லை. அந்த ஞாயிறு வந்தவர்கள் அவர்கள் இல்லை, அவ்வளவுதான்.

சரி, கதவு. அந்தப் பெண்கள் கதவைச் சாத்தியது உங்களை அவமானப்படுத்த இல்லை. கணவர் அடிப்பாரா என்பது வரை கேட்க வேண்டிய கணக்கெடுப்பு அது. பக்கத்தில் ஆள் இருந்தால் அந்தப் பகுதியைக் கேட்கவே கூடாது, யாராவது உள்ளே வந்தால் உடனே பேச்சை மாற்ற வேண்டும் என்று பயிற்சி கொடுத்துத்தான் அனுப்புவார்கள். உங்கள் டீயைப் பார்த்துத் தண்ணீர் காய்ச்சுவதற்குத் தாவியது அந்தப் பயிற்சிதான். சின்னப் பெண், இன்னும் கொஞ்சம் சாமர்த்தியமாகத் தாவியிருக்கலாம். மருமகள் உள்ளே என்ன சொன்னாள் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறதா என்றால், இல்லை அம்மா. அவளாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். மகனைத் தூண்டிக் கேட்க வைப்பதும் வேண்டாம்.

வேலைச் சுமையைப் பற்றி எழுதியதில் பாதி நியாயம் உங்கள் பக்கம். 2024-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்குப்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்களுக்கு அதில் ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம் போகிறது. அதே வேலையைச் செய்கிற ஆண்களுக்கு 88 நிமிடம். 'செய்கிற' ஆண்களுக்கு என்பதைக் கவனியுங்கள், செய்யாதவர்கள் இந்தச் சராசரியிலேயே வரவில்லை. உங்கள் கடிதத்தில் வீட்டுக்காரரோ மகனோ ஒரு டம்ளர் கழுவினதாக ஒரு வரி இல்லை. பன்னிரண்டு மணி நேரம் வெளியே இருந்துவிட்டு வருகிறவளுக்கும் நாலு மணிக்கு எழுகிறவளுக்கும் சண்டை நடக்கிறது. டப்பாவைத் திறந்து சாப்பிடுகிற இரண்டு பேர் இதில் சாட்சிகூட இல்லை.

இப்போது நோட்டம் என்று நீங்கள் சொல்வதற்கு வருகிறேன். இங்கே நான் உங்கள் பக்கம் நிற்கப் போவதில்லை. வயசு தாண்டியது என்று சர்வேக்காரப் பெண் உங்களைக் கேட்கவில்லை. மகன் மாத்திரையை மறக்கிறான். வீட்டுக்காரரிடம் நீங்கள் சொன்னதாகவே தெரியவில்லை. அந்த வீட்டில் "இன்னா அத்தை இது?" என்று கேட்ட ஒரே ஆள் அவள். கம்பெனி பஸ்ஸுக்குப் போக வேண்டியவள், இன்னும் ஒன்றரை மணி நேரம் தூங்கலாம். எழுந்து இருட்டில் பின்பக்கம் வந்து நின்றிருக்கிறாள். அவளை விரட்டினீர்கள். நீங்கள் சிரசுக்குப் போகாததைக் கவனித்ததும் அவள்தான். பக்கத்து வீட்டில் சொன்னது வம்பாக இருக்கலாம். யாரிடம் கேட்பது என்று தெரியாமல் பெரியவர் ஒருவரிடம் போய் நின்றதாகவும் இருக்கலாம். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்ட அந்த இரண்டு நாளும் உங்களுக்குக் கோபமாகத் தெரிந்தது. எனக்கு அப்படித் தெரியவில்லை.

அவளையே கூட்டிக்கொண்டு போங்கள். ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம், ஒரு நாள் லீவு போடச் சொல்லுங்கள். சம்பளம் பிடிப்பார்கள், பிடிக்கட்டும். உங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரியிலேயே ஆரம்பிக்கலாம், அங்கிருந்து அடுக்கம்பாறை மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் தயங்காமல் போங்கள். ஆம்பிளை டாக்டராக இருந்தால் என்ன செய்வது என்று யோசிப்பீர்கள். 1918-லேயே பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி தொடங்கிய ஊர் வேலூர், அந்தச் சாக்கு இந்த ஜில்லாவில் எடுபடாது. பெண் டாக்டர் வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். கர்ப்பப்பையின் உட்சுவர் எவ்வளவு தடிமன் என்று ஸ்கேனில் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் உள்ளே இருந்து துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அம்மாவுக்கு இருந்ததையும் மறக்காமல் சொல்லுங்கள். சித்திரையிலிருந்து எந்தெந்த நாள் பட்டது என்று காலண்டரைப் பார்த்து நினைவிருக்கிற வரை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிரஷர் சீட்டை எங்கே வைத்தீர்கள்? சாமி படத்துக்குப் பின்னால் தேடிப் பாருங்கள், அதுவும் வேண்டும்.

மருமகளிடம் எப்படி ஆரம்பிப்பது என்றுதானே? இன்று ராத்திரி அவள் பஸ் இறங்கி வந்து முகம் கழுவட்டும். "அன்னிக்கு இன்னான்னு கேட்டியே" என்று மட்டும் சொல்லுங்கள். மீதியை அவள் கேட்பாள்.

டாக்டரைப் பார்க்கப் போகிற அன்று வெறும் வயிற்றோடு கிளம்ப வேண்டாம். சாப்பிட்டு, சர்க்கரை மாத்திரையும் போட்டுக்கொண்டு போங்கள். அன்றைக்கு டப்பா கட்டுவதை மகன் பார்த்துக்கொள்ளட்டும்.