டியூஷன் சென்டர் மாணவர் பட்டியல் ஐசி (அடையாள அட்டை) எண்ணும் போன் எண்ணுமாக வாட்சப்பில் சுற்றுகிறது. எங்கிருந்து போனது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (சுங்கை சிப்புட், மலேசியா)

ஆசிரியர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரிப்பதை முதலில் நிறுத்துங்கள். எந்தப் பிரதி போனது என்று தெரிந்த பிறகுதான் ஆளைத் தேட முடியும்.

குழுவில் வந்த எக்செல் கோப்பைத் திருத்திச் சேமிக்காமல் ஒரு நகல் தனியே வையுங்கள். கடைசியாகச் சேமித்தவர் பெயரும் தேதியும் அதன் ப்ராப்பர்ட்டீஸில் பெரும்பாலும் இருக்கும். நீங்கள் சேமித்தால் உங்கள் பெயர் ஏறிவிடும். படமாக வந்திருந்தால் இந்த வழி இல்லை. அப்போதும் பட்டியலே தேதி சொல்லும். மார்ச்சில் சேர்ந்த பிள்ளை இருக்கிறது, ஏப்ரலில் சேர்ந்த பிள்ளை இல்லை என்றால், இடையில் எடுத்த நகல் அது. அந்த நாள்களில் யார் யாருக்கு அனுப்பினீர்கள், எங்கே அச்செடுத்தீர்கள் என்று மட்டும் பாருங்கள்.

வேண்டுமென்றே கொடுத்தார்கள் என்று எடுத்ததும் நினைக்க வேண்டாம். போட்டோஸ்டேட் கடைக் கணினியில் வாட்சப் வெப் திறந்து அச்செடுத்துவிட்டு, வெளியேறாமல் வந்துவிடுவார்கள். வெளியேறினாலும் டவுன்லோட்ஸில் கோப்பு கிடக்கும். சென்டர் போன் வாட்சப்பில் ‘லிங்க்ட் டிவைசஸ்’ பார்த்துத் தெரியாததை நீக்குங்கள். கூகுள் டிரைவில் ‘லிங்க் உள்ள எவரும்’ என்று திறந்திருந்தால் உடனே மூடுங்கள். யார் பார்த்தார்கள் என்று இலவசக் கணக்கு காட்டாது, அதில் நேரத்தை விட வேண்டாம்.

இதற்கிடையே கெடுவும் ஓடுகிறது. கட்டணம் வாங்கும் சென்டர் என்பதால் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 பொருந்தும். 2025 ஜூன் 1 முதல், பெரிய பாதிப்பு வரக்கூடிய கசிவை 72 மணி நேரத்துக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும். அதிலிருந்து 7 நாளுக்குள் பெற்றோருக்கும். ஐசியும் போன் எண்ணும் சேர்ந்து போனதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்க முடியாது. தெரிவிக்காமல் விட்டால் 2,50,000 ரிங்கிட் வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். யாராவது ஏற்கெனவே பணம் இழந்திருந்தால் வங்கியையும் மோசடிப் புகார் எண் 997-ஐயும் உடனே அழைக்கச் சொல்லுங்கள்.

இனி, ஆசிரியருக்குப் பெயரும் பெற்றோர் எண்ணும் போதும். ஐசி எண்ணின் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம் (பேராக் 08). பிறந்த நாளும் மாநிலமும் தெரிந்தவருக்கு அந்த எட்டு இலக்கமும் தெரியும். காட்டித்தான் ஆகவேண்டுமென்றால் கடைசி நான்கை மறையுங்கள். எக்செலில் ‘புரொடெக்ட் ஷீட்’ பூட்டே அல்ல, எளிதில் கழற்றலாம். ‘என்கிரிப்ட் வித் பாஸ்வேர்ட்’ போடுங்கள், கடவுச்சொல்லை வேறு வழியில் சொல்லுங்கள். ஒவ்வொருவருக்கும் தரும் பிரதியில் ஒரு பொய் மாணவர் பெயரை, உங்களிடமுள்ள வேறொரு போன் எண்ணோடு சேருங்கள். பிரதிக்கு ஒரு பெயர். மீண்டும் கசிந்தால் யாருடைய பிரதி என்று அந்தப் பெயரே காட்டும். எந்தப் பெயர் யாருக்கு என்ற குறிப்பைக் கணினியில் வைக்காமல் நோட்டில் எழுதி வையுங்கள்.