எஸ்க்யூஎல் சர்வரில் டேட்டிஃப் கொண்டு வயதைக் கணக்கிட்டால் சிலருக்கு ஒரு வயது கூடுதலாக வருவது ஏன்?

எஸ்க்யூஎல் சர்வர் என்ற தரவுத்தள மென்பொருளில் இரு தேதிகளின் இடைவெளியைத் தரும் டேட்டிஃப், ஆண்டு என்ற அலகைக் கொடுத்தால், நிறைவடைந்த ஆண்டுகளை எண்ணுவதில்லை. இரு தேதிகளுக்கும் நடுவே ஜனவரி 1 எத்தனை முறை வந்து போனது என்பதை மட்டுமே எண்ணுகிறது. ஆகவே 31-12-2023 அன்று பிறந்த குழந்தைக்கு மறுநாளே ஒரு வயது ஆகிவிடுகிறது. டிசம்பரில் பிறந்தவர்களுக்கு ஏறத்தாழ ஆண்டு முழுவதும் தவறும், ஜனவரித் தொடக்கத்தில் பிறந்தவர்களுக்குப் பெரும்பாலும் சரியான விடையும் கிடைப்பதால், நாலைந்து பேரை வைத்துச் சோதித்தால் பிழை கண்ணில் படாமலே போகலாம்.

டேட்டிஃப் தரும் எண்ணை டேட்ஆட் மூலம் பிறந்த தேதியோடு ஆண்டுகளாகக் கூட்டிப் பாருங்கள். கிடைக்கும் தேதி இன்றைய தேதிக்குப் பிந்தியதானால் இவ்வாண்டுப் பிறந்தநாள் இன்னும் வரவில்லை என்று பொருள், எனவே கேஸ் என்ற நிபந்தனையை அமைத்து ஒன்றைக் கழித்துவிடுங்கள். நாட்களை 365.25ஆல் வகுக்கும் வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்: 1-1-2001இல் பிறந்தவருக்கு 1-1-2002 அன்று 365 நாட்களே ஆகியிருக்கும், பின்னத்தை வெட்டினால் வயது 0. மைஎஸ்க்யூஎல் என்ற வேறொரு தரவுத்தள மென்பொருளில் டைம்ஸ்டாம்ப்டிஃப் நிறைவடைந்த ஆண்டுகளையே தரும். அங்கே டேட்டிஃப் என்பது நாட்கணக்கு.

பிப்ரவரி 29இல் பிறந்தவர்களுக்கு மட்டும் நீங்களே ஒரு முடிவெடுக்க வேண்டும். 29-2-2004இல் பிறந்தவருக்கு, மேற்சொன்ன டேட்ஆட் வழி 28-2-2022 அன்றே 18 என்கிறது. டைம்ஸ்டாம்ப்டிஃப் அன்று 17 என்றே சொல்லும், மார்ச் 1 அன்றுதான் 18 ஆக்கும். 18 நான்கால் வகுபடாத எண் என்பதால் இச்சிக்கல் அவர்கள் ஒவ்வொருவருக்கும் வரும். முதியோர் ஓய்வூதியத்துக்கான 60இல் பொதுவாக வராது.

நான் பார்த்துக்கொள்வது கன்னியாகுமரி மாவட்டத்தில் களியக்காவிளைப் பக்கத்தில் ஒரு சங்கத்தின் உறுப்பினர் பட்டியல். இப்பகுதி 1-11-1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. ஆகையால் மூத்தவர்களின் ஜாதகங்களில் மலையாள நாட்காட்டியின் கொல்லம் ஆண்டே இருக்கிறது. அதை ஆங்கில ஆண்டாக மாற்றக் கண்ணை மூடிக்கொண்டு 825ஐக் கூட்டினால், மேலே சொன்னது போன்ற ஓராண்டுப் பிழை வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிடும். கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறப்பதால், 1125 ஆவணி என்பது 1949. அதே 1125இன் தை மாதமோ 1950. ஆகஸ்ட் நடுவில் ஆவணி பிறந்தது முதல் டிசம்பர் முடிய 824, ஜனவரி முதல் ஆடி முடிய 825 கூட்ட வேண்டும். மாதம் தெரியாத இடத்தில் தேதியை ஊகித்து நிரப்பாமல் நல் (மதிப்பு இல்லை) என்றே விட்டு, கொல்லம் ஆண்டைத் தனி நெடுவரிசையில் எழுதி வையுங்கள்.