வங்கதேசத் தையல் ஆலைகளுக்கு வெளிநாட்டு ஆர்டர் எப்படி வந்தது?

"பருத்தி பெரிதாக விளையாத வங்கதேசம் இவ்வளவு ஆடை ஏற்றுமதி செய்வது எப்படி?" என்று கேட்டிருக்கிறீர்கள். கூலி குறைவு என்பது பாதி பதில்தான். கூலி குறைந்த நாடுகள் எத்தனையோ உண்டு. இங்கே ஆர்டரைக் கொண்டுவந்து சேர்த்தவை தொழில் தொடர்புகள்.

தொடக்கம் தென் கொரியாவில். கொரிய ஆடைகளுக்கு மேலைநாடுகள் கோட்டா, அதாவது இறக்குமதி வரம்பு, விதித்திருந்ததால், வேறு நாடு தேடிய டேவூ நிறுவனம் வங்கதேசத்தவரான நூருல் காதர் கானின் தேஷ் கார்மென்ட்ஸுடன் கைகோத்தது. 1979இல் தேஷ் ஊழியர்கள் சுமார் 130 பேர் கொரியாவின் பூசானிலிருந்த டேவூ ஆலைக்குப் போய்ப் பயிற்சி பெற்றார்கள். தையலோடு ஏற்றுமதி நிர்வாகமும் கற்றார்கள். சில ஆண்டுகளில் பெரும்பாலோர் விலகிப்போய்ப் புதிய ஆலைகளை உருவாக்கினார்கள். தேஷுக்கு அது இழப்பு, நாட்டுக்கோ பெரிய ஆதாயம் என்பேன்.

சரி, துணி வாங்கப் பணம்? வெளிநாட்டு வியாபாரி திறந்த எல்.சி.யை (சரக்குக்குப் பணம் தருவதாக வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம்) ஈடாக வைத்து, உள்ளூர் வங்கி துணிக்கு இன்னொரு எல்.சி. திறக்கும். பேக்-டு-பேக் எல்.சி. என்பார்கள். கையில் முதல் இல்லாதவரும் துணிந்து இறங்கியது இதனால்தான்.

அப்புறம் டாக்காவின் பையிங் ஹவுஸ்கள், அதாவது பிராண்டுக்கும் ஆலைக்கும் நடுவிலிருக்கும் இடைத்தரகு நிறுவனங்கள். ஆர்டர் பிடிப்பது, சாம்பிளுக்கு ஒப்புதல் வாங்குவது, காலர் அளவு பிசகினால் திருப்பி அனுப்புவது எல்லாம் இவர்கள் வேலை. சிறு ஆலைகளுக்கு இவர்களே வாசல். ஆனால் ஆர்டர் கைமாறிக் கைமாறிப் போகும்போது, எங்கே தைக்கிறார்கள் என்பதே பிராண்டுக்குத் தெரியாமல் போவதுண்டு. 2013இல் ஆடை ஆலைகள் இயங்கிய ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, இடிபாட்டில் கிடந்த லேபிள்களை வைத்து பிராண்டுகளைத் தேட வேண்டியிருந்தது. அதன் பிறகே, தொழிற்சங்கங்களோடு பிராண்டுகள் செய்துகொண்ட அக்கார்டு என்ற பாதுகாப்பு ஒப்பந்தப்படி ஆலைக் கட்டடங்களைச் சோதிக்கத் தொடங்கினார்கள்.