மருந்தை உப்பாக்கினால் போதாதா, கூட்டுப்படிகம் எதற்கு?

வந்தாறுமூலையில் கெமிஸ்ட்ரி படிக்கும் தம்பியின் கேள்வி: கரையாத மருந்தை உப்பாக மாற்றினால் போதுமே, கோகிரிஸ்டல், அதாவது மருந்தும் இன்னொரு மூலக்கூறும் சேர்ந்த கூட்டுப்படிகம் எதற்கு?

உப்பாக வேண்டுமென்றால் மருந்து புரோட்டானைக் கொடுக்கவோ வாங்கவோ வேண்டும். வலிப்புக்குக் கொடுக்கிற கார்பமசெபைன் அதற்கு லேசில் மசியாது. ஆனால் சாக்கரினோடு (அதே இனிப்புச் சாக்கரின்தான்) ஹைட்ரஜன் பிணைப்பில் கோர்த்துக்கொண்டு ஒரே படிகமாக அடுக்கிக்கொள்ளும். மூலக்கூறு பழையதுதான், அடுக்கு மட்டும் புதிது. அடுக்கு மாறினால் உருகுநிலையும் கரைதிறனும் மாறும்.

செய்முறை கிட்டத்தட்ட அம்மி வேலை. இரண்டு தூளையும் சிறு உரலில் போட்டு, சில துளி கரைப்பான் விட்டு அரைப்பார்கள். எக்ஸ் கதிர் சோதனையில் பழைய கோடுகள் மறைந்து புதியவை வந்தால் சரி, படிகம் பிறந்துவிட்டது. வீட்டில் குளிசையை நசுக்கிச் சீனி கலப்பது இதில் சேராது!

சிக்கல் அப்புறம்தான். வேகமாகக் கரைந்த மருந்து தண்ணீரில் அளவுக்கு மிஞ்சி நிற்கும். போத்தல் தேனின் அடியில் சீனி கட்டுவதுபோல, கார்பமசெபைன் தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு டைஹைட்ரேட்டாகப் படிந்துவிடும். அதைத் தாமதிக்கப் பொலிமர் (நீண்ட சங்கிலி மூலக்கூறு) சேர்க்கிறார்கள்.

2021இல் அமெரிக்கா அனுமதித்த செலிகொக்ஸிப், ட்ரமடோல் கூட்டுப்படிகக் குளிசையில், சாக்கரின் இடத்தில் நிற்கும் துணை மூலக்கூறே இன்னொரு வலிமருந்து.